புனேயின் கவர்னர்களும் புகைக்கப்பலும்

புனேயிலிருந்து லோனாவாலா செல்லும் உள்ளூர் ரயில் கட்கியை விட்டதும் அடுத்து நிற்கும் இடம் தாபோடி. மூளா நதிக்கரையில் இருக்கும் இந்தப் பகுதி இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வடின் நெரிசலோடு கலந்துவிட்டது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பம்பாய் மாகாண ஆட்சியின் மழைக்கால வாசல் இதுதான். மராட்டியப் பேஷ்வாவின் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் ஃபோர்டு இங்கே கட்டிக்கொண்ட பங்களாவை, 1828இல் கவர்னர் சர் ஜான் மால்கம் அரசுக்காக வாங்கினார். பக்கத்திலேயே ஒரு தாவரவியல் தோட்டமும் உருவானது. ஜூன் பிறந்து பம்பாய் நசநசவென்று ஊறத் தொடங்கியதும், கவர்னர்கள் மலையேறி இங்கே வந்துவிடுவார்கள்.

கடலிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, சஹ்யாத்ரி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் புனே. துறைமுகமும் இல்லை, கப்பல் ஓடும் ஆறும் இல்லை. ஆனாலும் அரபிக்கடலில் நீராவிக் கப்பலை ஓடவிட்ட கதையை எங்கே தொட்டாலும் இந்த ஊரோடு பழகிய ஆட்கள்தான் எதிர்ப்படுகிறார்கள்.

முதல் ஆள் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன். பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாகப் பல ஆண்டுகள் இருந்தவர். மூளாவும் முட்டாவும் கூடும் சங்கமத்தில் அவருடைய வீடு இருந்தது. 1817 நவம்பர் 5 அன்று கட்கிப் போர் மூண்டபோது பேஷ்வாவின் வீரர்கள் அந்த வீட்டைக் கொளுத்தினார்கள். அவர் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களும் காகிதங்களும் சாம்பலாயின. போருக்குப் பின் தக்காணத்தை நிர்வகித்து, 1819இல் பம்பாய் கவர்னரான அவர், 1823இல் லண்டனுக்கு ஒரு யோசனை எழுதினார்: பம்பாயிலிருந்து செங்கடல் வழியாகச் சூயஸ் வரை நீராவிக் கப்பல், அங்கிருந்து தரைவழியாக அலெக்ஸாண்ட்ரியா, பிறகு மத்தியதரைக் கடல். கம்பெனி இயக்குநர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1826இல் மீண்டும் எழுதினார். அதற்கும் அதே கதிதான்.

அவருடைய அவசரம் புரிந்துகொள்ளக் கூடியதே. பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கிலாந்து போய்ச்சேர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். ஒரு கேள்விக்குப் பதில் வர ஏறக்குறைய ஓராண்டு. புனேயில் ஒரு போர் தொடங்கி, முடிந்து, ஒரு ராஜ்யமே கைமாறிய பிறகுதான் போர் மூண்ட செய்தி லண்டனில் வாசிக்கப்படும். எல்ஃபின்ஸ்டன் அந்த நிலைமைக்குள்ளேயே வாழ்ந்தவர்.

நீராவிப் படகு அப்போது புதிதல்ல. ஜேம்ஸ் வாட் தனி ஒடுக்கிக்கு உரிமம் பெற்றது 1769இல். ஸ்காட்லாந்துக் கால்வாயில் வில்லியம் சைமிங்டனின் 'ஷார்லட் டண்டாஸ்' 1803இல் படகுகளை இழுத்துக் காட்டியது. 1807இல் ராபர்ட் ஃபுல்டன் ஹட்சன் நதியில் பயணிகளை ஏற்றி, இதில் பணமும் பார்க்கலாம் என்று நிரூபித்தார். இந்தியாவிலும் 1819இல் அவத் நவாபுக்காக லக்னோவில் ஒரு நீராவிப் படகு மிதந்தது. 1823இல் கல்கத்தாவின் கிதிர்பூரில் 'டயானா' நீரில் இறங்கி, அடுத்த ஆண்டே பர்மா போருக்குப் போனது. இவை எல்லாம் ஆற்றில் ஓடியவை. ஆற்றங்கரையில் எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கி விறகு ஏற்றிக்கொள்ளலாம். நடுக்கடலில் விறகுக்கு எங்கே போவது?

அந்தக் கேள்வியை 'எண்டர்பிரைஸ்' கப்பல் நேருக்கு நேராகச் சந்தித்தது. 1825 ஆகஸ்ட் 16 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத்தை விட்ட அது, எழுபது நாளில் வந்துவிடும் என்ற கணக்கோடு கிளம்பியது. கல்கத்தா வந்து சேர்ந்தது டிசம்பரில், 113 நாள் கழித்து. கரி போதாமல் வழியில் ஒரு பகுதியைப் பாய் விரித்தே கடந்திருந்தது.

பம்பாயில் எல்ஃபின்ஸ்டனுக்குப் பின் வந்தவர் மால்கம். அவருடைய தம்பி சர் சார்லஸ் மால்கம் பம்பாய்க் கடற்படையின் கண்காணிப்பாளர். அண்ணன் கோட்டையில், தம்பி துறைமுகத்தில். இருவரும் சேர்ந்து லண்டனின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் பம்பாயிலேயே ஒரு நீராவிக் கப்பலைக் கட்டத் துணிந்தார்கள். கட்டியவர் நவ்ரோஜி ஜம்ஷெட்ஜி வாடியா. சூரத்திலிருந்து 1730களில் பம்பாய் வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழித்தோன்றல். அந்தக் குடும்பம் மலபார்த் தேக்கில் கட்டிய கப்பல்களின் உறுதிக்கு இன்றும் கண்கூடான சாட்சி உண்டு: 1817இல் பம்பாயில் கட்டிய 'டிரிங்கோமலி' போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது.

புதிய கப்பல் 1829 அக்டோபரில் நீரில் இறங்கியது. 411 டன். லண்டனின் மாட்ஸ்லே பட்டறையிலிருந்து வந்த 80 குதிரைத்திறன் இயந்திரங்கள் இரண்டு. கம்பெனி இயக்குநர் ஒருவரின் பெயரை வைத்து 'ஹியூ லிண்ட்சே' என்று அழைத்தார்கள்.

அக்காலத்துக் கடல் இயந்திரம் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது தகும். கப்பலின் நடுவயிற்றில் இரும்புத் தகட்டால் ஆன பெட்டி வடிவக் கொதிகலன்கள். உள்ளே சுற்றிச் சுற்றிச் செல்லும் புகைப்பாதைகள், அவற்றைச் சூழ்ந்து கடல்நீர். அதில் உருவாகும் நீராவியின் அழுத்தம் மிகக் குறைவு. காற்றழுத்தத்தைவிடச் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டு மட்டுமே கூடுதல். உருளைக்குள் நுழைந்த அந்த ஆவி, வேலை முடிந்ததும் ஒடுக்கிக்குள் போகும். அங்கே குளிர்ந்த கடல்நீர் பீச்சியடிக்கப்படும். ஆவி சட்டென்று நீராகிச் சுருங்க, வெற்றிடம் உண்டாகும். பிஸ்டனை இழுத்த வலிமையின் பெரும்பங்கு இந்த வெற்றிடத்தினுடையது. ஒடுங்கிய நீரையும் கூடவே வரும் காற்றையும் ஒரு பம்பு ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும்.

தரையில் நிற்கும் இயந்திரத்தில் பெரிய உத்தரம் தலைக்குமேல் ஏற்றம்போல ஆடும். கப்பலில் அப்படி உயரத்தில் எடை வைத்தால் கவிழ்ந்துவிடும் என்பதால், உத்தரங்களை உருளையின் இரு பக்கமும் தாழ இறக்கிப் பொருத்தினார்கள். இரண்டு இயந்திரங்களின் வளைதண்டுகளையும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் அமைத்தார்கள். ஒன்று தன் வீச்சின் முனையில் திணறும்போது மற்றது முழு வலிமையில் சுழற்றும். கப்பலின் இரு விலாவிலும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் சுழன்று நீரை அள்ளித் தள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலே உப்பின் தொல்லை. ஆவி போகப் போகக் கொதிகலனில் மிஞ்சும் நீர் உவர்ப்பேறும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை அந்த உவர்நீரில் ஒரு பகுதியைக் கடலுக்கு வெளியேற்றிப் புதுநீர் நிரப்பாவிட்டால், உப்பும் சுண்ணமும் தகட்டில் பாறையாகப் படியும். படிந்த இடத்தில் வெப்பம் நீருக்குப் போகாது. தகடு பழுத்துக் கிழியும். வெளியேற்றும் ஒவ்வொரு முறையும், கரி எரித்துச் சூடாக்கிய நீர் வீணாகக் கடலில் கலந்தது. அடுப்பறையில் நின்று கரி அள்ளிப் போட்டவர்களுக்கோ செங்கடலின் வெயில் மேலே, உலைவாய் முன்னே. வரலாற்றுப் புத்தகங்கள் கேப்டன்களின் பெயரைச் சொல்கின்றன, அந்தக் கலாசிகளின் பெயரைச் சொல்வதில்லை. கப்பலை ஓட்டியவர்கள் அவர்கள்தான் என்று தயங்காமல் எழுதலாம்.

ஹியூ லிண்ட்சேவின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஐந்தரை நாள் எரிக்கும் அளவு கரிக்குத்தான் அதில் இடம். முதலில் நிற்க வேண்டிய ஏடனோ சுமார் 1,640 மைல் தொலைவு, பதினோரு நாள் ஓட்டம். கேப்டன் ஜான் வில்சன் வேறு வழியில்லாமல் கிடைத்த மூலையெல்லாம் கரியைக் கொட்டினார். பயணிகள் அறையில் கரி. உணவுக்கூடத்தில் கரி. மேல்தளத்திலும் கரி. கப்பல் இயல்பைவிட இரண்டடி ஆழமாக நீரில் அமுங்கியது. துடுப்புச் சக்கரங்கள் அளவுக்கு மீறி மூழ்கி நீரைத் தள்ளத் திணறின. கிளம்பிய நாட்களில் வேகமும் எடுபடவில்லை.

1830 மார்ச் 20 அன்று பம்பாயை விட்டது. பதினோரு நாள் கழித்து ஏடன் குடாவுக்குள் நுழைந்தபோது ஆறு மணி நேரத்துக்கான கரிதான் மிச்சம். அங்கே காத்திருந்த கரியும் சும்மா வந்துவிடவில்லை. இங்கிலாந்தின் சுரங்கத்தில் வெட்டி, பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பாய்மரக் கப்பலில் செங்கடல் துறைகளுக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்த கரி. நீராவிக் கப்பல் ஒருமுறை போய்வர, பாய்மரக் கப்பல்கள் பாதி உலகைச் சுற்ற வேண்டியிருந்தது. மோக்கா, ஜித்தா, குசைர் என்று ஒவ்வொரு துறையாக நின்று, ஏப்ரல் 22 அன்று ஹியூ லிண்ட்சே சூயஸ் அடைந்தது. இந்தியாவிலிருந்து நீராவியால் செங்கடலின் தலைமாட்டை எட்டிய முதல் கப்பல் அதுதான்.

அதே ஆண்டு இறுதியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். 1830 நவம்பரில் மால்கம், பம்பாயையும் புனேயையும் இணைக்கும் போர் காட் மலைப்பாதையில் வண்டிகள் ஏறக்கூடிய சாலையைத் திறந்தார். அதுவரை கண்டாலாவுக்குக் கீழே சரக்கெல்லாம் மாட்டு முதுகிலும் ஆள் தலையிலும்தான் ஏறி இறங்கியது. அடுத்த மாதமே பதவியை முடித்துக்கொண்டு, தான் கட்டுவித்த ஹியூ லிண்ட்சேவிலேயே ஏறி எகிப்து வழியாக ஊர் திரும்பினார். தக்காணத்தின் பருத்தியும் லண்டனின் கடிதமும் ஒரே பாதையின் இரு கண்ணிகள் என்று அவர் கண்டிருந்தார் என்பதற்கு இந்த ஒரு மாதமே போதுமான ஆதாரம்.

லண்டன் மகிழவில்லை. கரிச்செலவைப் பார்த்த இயக்குநர்கள் கடிந்துகொண்டார்கள். அடுத்துக் கவர்னராக வந்த கிளேர் பிரபு பிடிவாதமாகச் சில பயணங்களைத் தொடர்ந்தார். அதுவும் வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் மட்டும். கவர்னர்களைத் தாபோடிக்கு விரட்டிய அதே தென்மேற்குப் பருவக்காற்று, பம்பாயிலிருந்து நீராவிக் கப்பலை அசையவிடாமல் கட்டிப்போட்டது. மேற்கு நோக்கி அந்தக் காற்றை எதிர்த்து ஓட 160 குதிரைத்திறன் போதாது.

1834இல் பார்ட்டில் ஃப்ரேர் என்ற பத்தொன்பது வயது இளைஞர் கம்பெனி வேலைக்காக எகிப்து வழியே பம்பாய் வந்தார். அவருக்கு நீராவிக் கப்பல் கிடைக்கவில்லை. குசைரில் திறந்த படகு ஒன்றைப் பிடித்துச் செங்கடலில் இறங்கி, மோக்காவில் ஹஜ் யாத்திரிகர்கள் திரும்பும் அரபு மரக்கலத்தில் ஏறி வந்துசேர்ந்தார். பிற்காலத்தில் இவரே பம்பாய் கவர்னராகி, தாபோடியைக் கைவிட்டுக் கணேஷ்கிண்டில் புதிய கவர்னர் மாளிகை எழுப்பத் தொடங்கினார். இன்று சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம் அது.

கரி வைக்க ஓர் இடம் வேண்டும். நீராவிக் கப்பலின் வரலாறு அரசியல் வரலாறாக மாறுவது இந்தத் தேவையில்தான். 1835இல் கவர்னராக வந்த சர் ராபர்ட் கிராண்ட், ஏடனைக் கைப்பற்றியே ஆக வேண்டும் என்று விடாமல் வாதாடினார். அதற்கொரு சாக்கும் கிடைத்தது. ஆங்கிலக் கொடியோடு சென்ற சென்னைக் கப்பலான 'தரியா தௌலத்' 1837இல் ஏடனுக்கு அருகே தரைதட்டி, கொள்ளையடிக்கப்பட்டது. கர்நாடக நவாப் குடும்பத்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவருக்குச் சொந்தமான கப்பல் அது. இழப்பீடு கேட்கப் போன கேப்டன் ஹெய்ன்ஸ், ஊரையே விலைக்குக் கேட்டார். பேச்சு முறிந்தது. 1839 ஜனவரி 19 அன்று பம்பாய்ப் படை ஏடனைப் பிடித்தது. விக்டோரியா அரியணை ஏறிய பின் பிரிட்டன் கைப்பற்றிய முதல் நிலம் இது, கரிக்கிடங்குக்காகப் பிடிக்கப்பட்டது. பிரிட்டிஷார் அங்கிருந்து போக 1967 ஆனது.

கிராண்ட் அந்த வெற்றியைப் பார்க்கவில்லை. 1838 ஜூலை 9 அன்று தாபோடி மாளிகையில் இறந்தார். புனேயின் செயின்ட் மேரி தேவாலயத்தில் அடக்கமானார்.

இந்தக் கவர்னர்களின் வரிசையைவிடப் பெரிதாகப் பேசப்பட வேண்டியவர் அர்தேஷிர் கர்ஷேட்ஜி வாடியா. 1808இல் அதே கப்பல் கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். தேக்கைவிட இரும்பும் ஆவியும்தான் அவரை இழுத்தன. பம்பாயின் மஜ்காவில் தன் வீட்டிலேயே சிறு வார்ப்படப் பட்டறை வைத்தார். 1833இல், இருபத்தைந்து வயதில், 'இண்டஸ்' என்ற சிறிய நீராவிக் கப்பலைக் கட்டி நீரில் இறக்கினார். அடுத்த ஆண்டு தன் வீட்டையும் தோட்டத்தையும் வாயு விளக்கால் ஒளிரச் செய்து பம்பாயை வியக்க வைத்தார். 1839இல் நீராவி இயந்திரங்களை நேரில் கற்க இங்கிலாந்து போனார். 1841 மே 27 அன்று ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே. கணித மேதை ராமானுஜன் 1918இல் இரண்டாமவராக வந்தார். பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளராக அவர் அமர்ந்தபோது ஐரோப்பியத் தொழிலாளர்கள் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள். அதைப் பொறுக்க முடியாத குரல்கள் ஆங்கிலப் பத்திரிகையில் எழுந்தன. அவருடைய இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அவருடைய உறவினர்களான ஜஹாங்கீர் நவ்ரோஜியும் ஹிர்ஜிபாய் மேர்வான்ஜியும் அதே காலத்தில் சாத்தம் கப்பல் தளத்தில் பயின்று, 1841இல் தங்கள் இங்கிலாந்து வாசத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்கள். ஆக, நீராவிக் கப்பல் கட்டும் அறிவு இந்தியருக்கு எட்டாத ஒன்றாக எந்தக் கட்டத்திலும் இருக்கவில்லை. எட்டாமல் போனவை கரியும் இரும்பும் முதலீடும்.

தாபோடித் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த அலெக்ஸாண்டர் கிப்சன் 1847இல் பம்பாய் மாகாணத்தின் காடுகள் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். தொழிலால் மருத்துவர், ஆர்வத்தால் தாவரவியலாளர். கப்பல் தளத்துக்கு வேண்டிய தேக்கு தீர்ந்துவருகிறது என்ற கவலை அந்தப் பதவிக்கு ஒரு காரணம். ஆனால் அவர் மரங்களைக் காக்கத் தொடங்கிய நேரத்திலேயே கடலில் மரத்தின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1843இல் பொறியாளர் புரூனெலின் 'கிரேட் பிரிட்டன்' இரும்பு உடலும் சுழல் விசிறியும் கொண்டு இறங்கியது. துடுப்புச் சக்கரம் எடுத்த இடமும் பட்ட சேதமும் விசிறியில் இல்லை. புரூனெல் அதற்கு முன்பே இன்னொரு உண்மையை நடைமுறையில் காட்டியிருந்தார்: கப்பலைப் பெரிதாக்கினால் கரி வைக்கும் இடம் நீளத்தின் மும்மடிப்படி கூடுகிறது, நீரின் எதிர்ப்போ இருமடிப்படிதான். 1838இல் அட்லாண்டிக்கைக் கடந்த அவருடைய 'கிரேட் வெஸ்டர்ன்' நியூயார்க் சேர்ந்தபோது 200 டன் கரி மிச்சமிருந்தது. ஹியூ லிண்ட்சேவின் ஆறு மணி நேரக் கரியை இதனோடு ஒப்பிட்டால் போதும், அந்த எட்டு ஆண்டுகளில் நடந்தது விளங்கிவிடும்.

பிறகு கூட்டு இயந்திரம் வந்தது. உயர் அழுத்த ஆவியை முதலில் சிறிய உருளையிலும் பிறகு பெரிய உருளையிலும் விரியவிட்டு, ஒரே ஆவியிடம் இருமுறை வேலை வாங்கும் முறை. லிவர்பூலின் ஆல்ஃபிரட் ஹோல்ட் 1866இல் 'அகமெம்னான்' கப்பலை அப்படி ஓட்டினார். வழியில் எங்கும் கரி ஏற்றாமல் 8,500 மைல் கடந்து மொரீஷியஸ் சேர்ந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பம்பாய்த் தேக்குக் கப்பல்களுக்கு இனி வேலையில்லை; சஹ்யாத்ரியின் மரங்கள் ரயில் பாதைக் கட்டைகளாயின. வாடியாக்களின் தலைமைக் கப்பல் கட்டுநர் பரம்பரை 1880களில் முடிவுக்கு வந்தது.

இழந்ததை மீட்கும் முயற்சி தூத்துக்குடியில் முளைத்தது. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தபோது மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் வாடகைக்குக் கப்பல் அமர்த்தினார். போட்டியான பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் நெருக்குதலில் அதுவும் கைவிட்டுப் போனது. கப்பலோடுதான் திரும்புவேன் என்று பம்பாய் போனவர், 1907இல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு நீராவிக் கப்பல்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். அவர் அரசியலில் தலைவராக வரித்துக்கொண்டவர் புனேயின் பாலகங்காதர திலகர். அந்த ஆண்டு டிசம்பரில் சூரத் காங்கிரஸ் பிளந்தபோது வ.உ.சி. திலகரின் பக்கமே நின்றார். எதிர்க் கம்பெனி கட்டணத்தை வெட்டி வெட்டி, கடைசியில் இலவசமாகவே ஏற்றிச்செல்வதாக அறிவித்தது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். சில ஆண்டுகளில் சங்கமும் மூடப்பட்டது.

அடுத்த முயற்சிக்காரர் புனே டெக்கான் கல்லூரியில் படித்த வால்சந்த் ஹீராசந்த். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, குவாலியர் சிந்தியா மகாராஜாவிடமிருந்து 'லாயல்டி' என்ற பழைய கப்பலைக் கூட்டாளிகளோடு வாங்கினார். அந்தத் தொடர்பில்தான் அவர்கள் தொடங்கிய கப்பல் கம்பெனிக்குச் சிந்தியா என்று பெயர் வந்தது. 1919 ஏப்ரல் 5 அன்று லாயல்டி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. அந்த நாளே இன்று தேசியக் கடல்சார் தினம். ஓட்டுவதோடு நிற்காமல் கட்டவும் வேண்டும் என்று 1941இல் விசாகப்பட்டினத்தில் கப்பல் தளத்துக்கு அடிக்கல் நாட்டச் செய்தார். 1948 மார்ச் 14 அன்று நேரு அங்கே 'ஜல உஷா'வை நீரில் இறக்கினார். எண்ணாயிரம் டன் சுமக்கும் எஃகு நீராவிக் கப்பல். அர்தேஷிர் 'இண்டஸை' இறக்கி அப்போது நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.